யார் போட்ட தடை இது

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தலைவர் டாக்டர் வேட்லண்ட் அவர்களே, விளையாட்டுத் துறை இயக்குநர் திரு. கேலஸ் அவர்களே, போதகர் லிண்ட்வால் அவர்களே, ஃபார்கோவிலிருந்து இந்தப் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும் மார்கிட்டின் தங்கை சோல்வெய்க் அவர்களே, ஹார்லன் ரிட்ஜ் ஊர்ப் பெரியவர்களே, பழைய ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த நாற்காலிகளைக் காலையில் நான்தான் போட்டேன். அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. பரவாயில்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழகிய ஒருவரைப் பற்றித்தான் நாம் பேசக் கூடியிருக்கிறோம்.

என் பெயர் ஜோலீன் வவ்ரா. மார்கிட் ஸ்கார்ஸ்டாட் இயக்குநராக இருந்த விதிமுறை அலுவலகத்தில் இரண்டாவது மேசை என்னுடையது. அங்கே இருப்பதே இரண்டு மேசைகள்தான். இப்போது ஒன்றில் ஆள் இல்லை. எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் கிடையாது. என் அப்பா மாட்டு லாரி ஓட்டுகிறவர், என் அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் யாரும் மைக் முன்னால் நின்றதில்லை. என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பலரிடம் கேட்டார்கள். அவர்களுக்கு இன்று வேறு வேலை இருந்தது. அதனால் நான் நிற்கிறேன்.

மார்கிட் ஸ்கார்ஸ்டாட் யார்? இந்த ஊரில் பாதிப் பேரைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். நம் கல்லூரி ஃபுட்பால் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காத வருஷத்தில், சாம்பியன்ஷிப்புக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகவிடாமல் தடுத்தவர். அவ்வளவுதானா அவர்? ஒரு மனுஷியின் இருபத்துச் சொச்சம் வருஷ வேலை ஒரு நவம்பர் மாதத்துக்குள் அடங்கிவிடுமா? அடங்காது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அந்த நவம்பரைத் தாண்டி ஓடிப்போகவும் மாட்டேன். அவர் ஓடவில்லை.

முதலில் உங்களுக்குத் தெரிந்த மார்கிட்டைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்து வண்டி நிறுத்துமிடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டிராக்டர் கடை கென் ஓல்ட்ரிட்ஜ் தன் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்து அடுப்பை மூட்டிவிடுவார். போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் சாஸேஜ். மார்கிட் மட்டும் வாங்க மாட்டார். எல்லா சனிக்கிழமையும் இதே பேச்சு நடக்கும்.

"மார்கிட், இது வெறும் சாஸேஜ். லஞ்சம் இல்ல."

"கடுகு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப லஞ்சம்தான்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், கென் சிரிப்பார், மார்கிட்டும் சிரிப்பார். பிறகு அவர் தன் காருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சீஸ் ரொட்டியைச் சாப்பிடுவார். ஒருமுறை நான் கேட்டேன், ஒரு சாஸேஜில் என்ன வந்துவிடப் போகிறது என்று. "இன்னைக்கு நான் கென்கிட்ட சாப்பிட்டா, நாளைக்கு பசங்க கென்கிட்ட என்ன வாங்கினாங்கன்னு நான் எப்படிக் கேப்பேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசனை மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதுதான் அவர் வேலை. நம் பிள்ளைகள் படித்துத் தேறினார்களா, விதிப்படி ஆடத் தகுதி இருக்கிறதா, யாராவது அவர்களுக்குக் கார் கொடுத்தார்களா, பணம் கொடுத்தார்களா என்று பார்ப்பது. தப்பு இருந்தால் சங்கத்துக்குச் சொல்வது. தன் கல்லூரியைப் பற்றித் தானே புகார் சொல்வதற்குத் தன் கல்லூரியிலேயே சம்பளம் வாங்குகிற வேலை. இப்படி ஒரு வேலைக்கு நண்பர்கள் எங்கிருந்து வருவார்கள்?

"சங்கம்" என்றேன். இந்த ஊரில் மளிகைக் கடையிலும் முடி வெட்டும் கடையிலும் நான் அதிகம் கேட்ட கேள்வி அதைப் பற்றியதுதான். யாரு இவங்க? யாரு இவங்களுக்கு அதிகாரம் கொடுத்தது? டிவியில் பார்க்கிற பெரிய கல்லூரிகளின் சாம்பியன்ஷிப்பைப் பெரிய லீகுகள் தமக்குள் சேர்ந்து தனியாக நடத்திக்கொள்கின்றன. நம்மைப் போன்ற சின்னக் கல்லூரிகளுக்குப் பிளேஆஃபை நடத்துவது சங்கம். யார் உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுப்பதும் சங்கம். தப்பு செய்தவர்கள் வரக்கூடாது என்று தடை போடுவது அதே சங்கத்தின் விசாரணைக் குழு. இதெல்லாம் எங்கோ தூரத்து நகரத்தில், கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் சிலர் செய்கிற வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி அந்த வருஷம்.

அதற்கு முந்தைய பயிற்சியாளர் காலத்தில், படிப்பில் தேறாத ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சீசன் முழுக்க ஆடியிருந்தார். அவருக்காகக் கோடைகாலப் பாடம் ஒன்றை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். மார்கிட் அதைக் கண்டுபிடித்தார், சங்கத்துக்குச் சொன்னார். அதற்குள் பயிற்சியாளர் இன்னும் பெரிய சம்பளத்துக்கு வேறு மாநிலம் போய்விட்டார். ஆட்டக்காரரும் போய்விட்டார். மிச்சம் இருந்தது கல்லூரி மட்டும். அதாவது, அந்த விஷயமே தெரியாமல் புதிதாக வந்து சேர்ந்திருந்த பிள்ளைகள்.

அவர்களில் ஒருவன் என் தம்பி டெரெக். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் அவன். அவனை இந்தக் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று சொன்னது நான். அவன் நடு வரிசையில் பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுக்கிற இடத்தில் ஆடினான். கைதட்டல் வராத இடம். ஆனால் அவன் இல்லாமல் எந்த ஆட்டமும் தொடங்காது. அது அவனுக்குக் கடைசி வருஷம்.

கோடையில் கூட்டம் நடந்தது. குறிப்பு எழுத நானும் இருந்தேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சங்கம் தண்டிப்பதற்கு முன்னால் கல்லூரி தானே தனக்குத் தடை போட்டுக்கொள்ளும். திருந்திவிட்டோம் என்று காட்ட. அதைச் செய்யும்போது அணி மோசமாக இருக்கிற வருஷமாகப் பார்த்துச் செய்வார்கள். எல்லோரும் செய்வதுதான். வெளியே சொல்ல மாட்டார்கள். திரு. கேலஸ் இங்கேதான் இருக்கிறார், நான் சொல்வதில் தவறு இருந்தால் திருத்துவார். அன்று அவர் சொன்னார்: "எப்படியும் வாங்கப்போற அடி. வலிக்காத இடத்துல வாங்கிக்கலாம்."

மார்கிட் கேட்டார்: "பசங்க ஜெயிச்சுட்டா?"

அறையே சிரித்தது. கென் ஓல்ட்ரிட்ஜ் அப்போது கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். "மார்கிட், நம்ம குவார்ட்டர்பேக் போன வருஷம் வரைக்கும் பேஸ்கட்பால் ஆடிட்டு இருந்தவன். பந்து வட்டமா இல்லையேன்னு இன்னும் தேடிட்டு இருக்கான்" என்றார்.

மார்கிட்டும் கடைசியில் சரி என்றார். அவர் எதிர்த்தார் என்று நான் கதை கட்ட மாட்டேன். அந்த முடிவில் அவர் பங்கும் இருந்தது. அறிவிப்பு வந்த அன்று இரவு உணவின்போது டெரெக்கும் சிரித்தான். "எங்களுக்குத் தடையா? நாங்க பிளேஆஃபுக்குப் போறது நடக்கிற காரியமா? மாடு ஏரோப்ளேன்ல ஏறக்கூடாதுன்னு சட்டம் போட்ட மாதிரி இருக்கு." அப்பா இருமும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு அவர்கள் ஜெயித்தார்கள்.

எப்படி ஜெயித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். முதல் ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்றோம். அடுத்ததை எதிரணி சரியில்லை என்றோம். இலைகள் விழத் தொடங்கியபோது காரணம் தேடுவதை நிறுத்திவிட்டோம். பந்தை எறிகிற அந்த பேஸ்கட்பால் பையனுக்கு மைதானம் முழுக்கக் கண்ணிருந்தது. அவன் முன்னால் என் தம்பி சுவர் போல் நின்றான். வெற்றி ஒவ்வொன்றும் வரவர, அலுவலகத்தில் மார்கிட் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமைகளில் அவர் ஸ்கோர் கேட்க மாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நவம்பரில் மறுபடியும் கூட்டம். அதே அறை, அதே ஆட்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் வேட்லண்ட், நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"நாமே போட்டதுதானே, மார்கிட். நாமே எடுத்துக்கலாமில்ல?"

"எடுத்துக்கலாம். குழு தீர்ப்பு சொல்ற வரைக்கும் அது நம்ம கையிலதான் இருக்கு."

"அப்புறம் என்ன?" என்றார் கென். "எடுங்க. அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

"எடுங்க. நான் தடுக்க முடியாது. ஆனா வசந்தத்துல விசாரணைக்கு என்னைக் கூப்பிடுவாங்க. ஏன் போட்டீங்க, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. தோப்போம்னு நெனச்சப்ப போட்டோம், ஜெயிச்சதும் எடுத்தோம்னு சொல்லுவேன்."

"அதைக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லலாமே."

"வேற மாதிரி நடந்திருந்தா சொல்லலாம்."

கென் மேசையைத் தட்டினார். "நீங்க யாரு பக்கம்? எனக்கு அதைச் சொல்லுங்க முதல்ல. அவங்க பக்கமா, நம்ம பக்கமா?"

"அவங்கன்னு தனியா யாரும் இல்ல, கென்" என்றார் மார்கிட். "நாமதான் அவங்க."

அன்று யாருக்கும் அது புரியவில்லை. எனக்கும்தான். தடை அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. முடிவு கல்லூரியுடையது. ஆனால் அறையைவிட்டு வெளியே போனபோது அது மார்கிட்டின் முடிவாகிவிட்டிருந்தது. அன்று மாலைக்குள் ஊர் முழுக்க.

ஆட்டக்காரர்களிடம் போய்ச் சொல்வது அவர் வேலை இல்லை. அவர்தான் போனார். நான் உடைமாற்றும் அறையின் கதவருகே நின்றேன். ஈரத் துண்டு வாடை, யாரோ காலில் சுற்றிய டேப்பைக் கிழிக்கிற சத்தம். அவர் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வருத்தம் தெரிவிப்பதாகக்கூட ஆரம்பிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் அவர் அங்கிருந்து நகரவில்லை. கேள்விக்குக் காத்திருந்தார்.

என் தம்பி எழுந்தான்.

"எனக்கு ஒரு ஆளு பேரு வேணும்" என்றான். "சங்கம் சங்கம்னா, சங்கத்துக்கு மூஞ்சி கிடையாது. நாங்க எந்தத் தப்பும் பண்ணல. பண்ணவன் போயிட்டான். அப்பவும் நாங்கதான் வீட்ல உட்காரணும்னு ஒரு விதி. யாரு போட்ட விதி அது? பேரைச் சொல்லுங்க."

"மார்கிட் ஸ்கார்ஸ்டாட்" என்றார் அவர்.

அவரே தொடர்ந்தார்.

"சங்கத்து விதியெல்லாம் காலேஜுங்க ஓட்டுப் போட்டு வெச்சதுதான். வருஷா வருஷம் ஜனவரில மாநாடு. ஒரு காலேஜுக்கு ஒரு அட்டை. இந்த விதி ஓட்டுக்கு வந்தப்ப நம்ம காலேஜ் அட்டையைத் தூக்கிப் பிடிச்சது நான்தான். வேற ஏதோ ஒரு காலேஜ் பண்ணின அக்கிரமத்தைப் பாத்துக் கோவத்துல தூக்கினேன்."

"அப்ப எங்களையெல்லாம் தெரியாது."

"தெரியாது. நீ அப்ப ஸ்கூல்ல இருந்தே."

"தெரிஞ்சிருந்தா? தூக்கியிருப்பீங்களா?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். "பதில் கிடைச்சா உன்கிட்ட சொல்றேன்."

அதற்குப் பிறகு கடைசி ஆட்டம். அதையும் ஜெயித்தார்கள். எதிரணி பஸ் ஏறிப் போன பிறகும் நம் பிள்ளைகள் மைதானத்தைவிட்டு வரவில்லை. தலைக்கவசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிசாகப் பனி விழ விழ, புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைக்க வந்தவர் அணைக்காமல் திரும்பிப் போனார். மேலே இருக்கைகளில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரோடு யாரும் உட்காரவில்லை. கீழே இருந்தவர்களும் அவரைப் பார்க்கவில்லை. கடைசிப் பையன் எழுந்து போகும்வரை அவர் இருந்தார். அந்தப் பையன் என் தம்பி.

அடுத்த நாள் பிளேஆஃப் அணிகளின் பெயர்களை டிவியில் வாசித்தார்கள். யார் வந்து நம் மைதானத்தைப் பூட்டினார்கள்? யாரும் வரவில்லை. போலீஸ் இல்லை, ஆணை இல்லை. ஒரு தடையை அமல்படுத்துவது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் வாசிக்கப்படாத அணியில் ஆடிய ஒருவன் வீட்டில், டிவி ஓடிக்கொண்டிருக்க, ஒருவரும் எழுந்து அதை அணைக்காமல் இருப்பது. அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க டெரெக் என்னோடு பேசவில்லை. நான் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன், அது போதுமே. "ஏம்மா, வேற வேலையே கிடைக்கலயா உனக்கு?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு அவரும் கேட்கவில்லை.

வசந்தத்தில் விசாரணைக் குழு, கல்லூரி தனக்குப் போட்டுக்கொண்ட தடையே போதும் என்று சொன்னது. மேற்கொண்டு தண்டனை இல்லை. அதற்காக யாரும் மார்கிட்டுக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஊர் அவரிடம் கடுமையாக நடந்துகொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாம் கடுமையானவர்கள் இல்லை. நாம் கதவைத் திறந்து பிடிப்போம், குளிரைப் பற்றிப் பேசுவோம், வணக்கம் சொல்வோம். ஆனால் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை எல்லோரும் சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோமே, அங்கே அவர் கொண்டுவரும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் மட்டும் கரண்டி படாமல் அப்படியே திரும்பிப் போகும். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை அது. அடுத்த மாதமும் அவர் கொண்டுவருவார். அதே பாத்திரம், அதே அளவு. போதகர் லிண்ட்வால், நீங்கள் சில சமயம் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நன்றி.

ஒரு முறை, மிஞ்சியது வீணாகிறதே, கொஞ்சமாகச் செய்யலாமே என்றேன். "குறைச்சா, யாரும் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். "சங்கடப்படுவாங்க."

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது, அல்லது ஓரளவு தெரிந்தது. இனிச் சொல்லப்போவது தெரியாதது.

அந்தத் தடைக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கல்லூரியின் வாக்கு அட்டை மார்கிட்டிடம் தரப்படவில்லை. யாரிடம் தருவது என்பது கல்லூரித் தலைவரின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் மார்கிட் மாநாட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் சொந்தச் செலவில் போனார். எதற்கு? அவரே கை தூக்கிய அந்த விதியை மாற்றக் கேட்பதற்கு. தப்பு நடந்தபோது அணியில் இல்லாத ஆட்டக்காரர்கள்மேல் பிளேஆஃப் தடை விழக்கூடாது, தண்டனை தப்பு செய்த பயிற்சியாளர் எங்கே போனாலும் அவரோடு போக வேண்டும், கல்லூரி பணத்தால் ஈடு கட்ட வேண்டும். இதுதான் அவர் தீர்மானம். வேறு கல்லூரிகளில் சிலரிடம் ஃபோனில் பேசிப் பேசி, கெஞ்சிக் கெஞ்சி, நிகழ்ச்சி நிரலில் ஏற்றினார். ஒவ்வொரு வருஷமும் தோற்றது. ஒவ்வொரு வருஷமும் மறுபடி ஏற்றினார்.

நான் ஒருமுறை அவரோடு போனேன். இந்தக் கூடத்தைப் போல் பல மடங்கு பெரிய கூடம். நடுவில் ஒரு மைக். பேசுகிறவருக்குக் கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள், அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். மார்கிட் போய் நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, குளிர்காலப் பூட்ஸ். பலர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னார், அதைச் சொன்னபடியே சொல்கிறேன்: "நான் என் காலேஜ்ல ஒரு தடையை அமல்படுத்தினேன். சரியாத்தான் பண்ணினேன். மறுபடி வந்தாலும் பண்ணுவேன். ஆனா அது விழுந்த இடத்தைப் பாத்திருக்கேன். இங்க இருக்கிற பல பேர் பாத்ததில்ல. அதனால நான் சொல்றதை நம்புங்க, அது தப்பான இடம்."

வாக்கெடுப்பு. அங்கங்கே அட்டைகள் எழுந்தன. போதவில்லை. நம் கல்லூரியின் அட்டை எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அது எங்கள் வரிசையிலேயே, திரு. கேலஸின் மடியில் இருந்தது. எழவில்லை. குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தண்டனை வாங்கிய கல்லூரியே தண்டனையைக் குறைக்கச் சொன்னால் வெளியே என்ன நினைப்பார்கள் என்று ஒரு பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தன் கல்லூரிப் பிள்ளைகளுக்காக மைக் முன்னால் ஒரு பெண் நிற்கும்போது, அவள் கல்லூரியே அவளுக்கு எதிராக வாக்களிக்கிறது என்றால், அந்தக் கூடத்தில் அவளைவிடத் தனியாக யார் இருந்திருக்க முடியும்?

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் காபி குடித்துக்கொண்டு கேட்டேன், இதை ஏன் ஊரில் சொல்லவில்லை என்று.

"என்னன்னு சொல்றது? போனேன், தோத்தேன்னா? ஜெயிச்சா சொல்லலாம்."

"டெரெக்கிட்டயாவது?"

"அவன்கிட்டதான் சொல்லிட்டு இருக்கேன், ஜோ. அவன் ஒரு கேள்வி கேட்டான் இல்ல? அதுக்கு வாயால பதில் சொன்னா, அவன் ஏன் நம்பணும்?"

போன ஜனவரியில் தீர்மானம் கொஞ்ச வித்தியாசத்தில்தான் தோற்றது. மார்கிட் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார். அடுத்த ஜனவரியில் ஆகிவிடும் என்றார். கோடை முழுக்க ஃபோன் பேசினார். போன வாரம் திங்கட்கிழமை காலையில் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. அவர் வராத திங்கட்கிழமையை நான் பார்த்ததே இல்லை, அதனால் வீட்டுக்குப் போனேன். நாற்காலியிலேயே இறந்திருந்தார். இதயம் என்றார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமையே நடந்திருக்கிறது. நான் போகும்வரை யாருக்கும் தெரியவில்லை.

நேற்று டெரெக்குக்கு ஃபோன் செய்து, மாநாட்டு விஷயத்தை எல்லாம் சொன்னேன். இப்போது அவன் பில்லிங்ஸில் இருக்கிறான். கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

அவன் திருப்பிக் கேட்டான்: "வருஷா வருஷம் போனாங்களா?"

"ஆமா."

"வருஷா வருஷம் தோத்தாங்களா?"

"ஆமா."

பிறகு சொன்னான்: "பேரைச் சொல்லிக்கோ, ஜோ. நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

அதனால் நான் அதைச் சொல்லவில்லை. மார்கிட்டும் அதைக் கேட்டதில்லை. அவர் கேட்டது வேறு.

மேடையில் இருக்கும் பெரியோர்களே, ஊர் மக்களே. இறந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இதுபோன்ற கூட்டங்களில் சொல்வது வழக்கம். அவருடைய பணி எது? அதில் இரண்டு பாதி உண்டு. இரண்டையும் சேர்த்தே நான் எடுத்துக்கொள்கிறேன்.

விதி மாறும்வரை, அதுதான் விதி. நம் அணியில் தப்பு நடந்தால் நான் சங்கத்துக்குச் சொல்வேன். தோற்கிற வருஷத்திலும் சொல்வேன், ஜெயிக்கிற வருஷத்திலும் சொல்வேன். அன்று இந்த ஊரில் யாரும் என்னோடு பேசாமல் போகலாம். அது எப்படி இருக்கும் என்று பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்வேன்.

இன்னொரு பாதி ஜனவரியில் இருக்கிறது. தீர்மானம் ஏற்கெனவே நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது. அவர் கடைசியாகச் செய்த வேலை அது. அதைப் பேச ஒருவர் மைக் முன்னால் நிற்க வேண்டும். நான் நிற்பேன். என் குரல் இந்தக் கூடத்துக்கே எட்டுகிறதா என்று தெரியவில்லை, அந்தக் கூடத்துக்கு எட்டுமா என்று தெரியாது. நிற்பேன்.

டாக்டர் வேட்லண்ட் அவர்களே, இரங்கல் கூட்டத்தில் கேட்கிற கேள்வி இல்லை இது என்று எனக்குத் தெரியும். உங்கள் அறைக்கு வந்து கேட்டிருக்கலாம். மார்கிட் அப்படித்தான் கேட்டார், ஒவ்வொரு வருஷமும். அதனால் நான் இங்கே கேட்கிறேன். இந்த முறை நம் கல்லூரியின் வாக்கு எந்தப் பக்கம்? இப்போதே பதில் வேண்டாம். எதிராகப் போடுவதாக இருந்தாலும் நான் போவேன். ஆனால் அங்கே போய் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாநாடு இந்த வருஷம் மினியாபோலிஸில் நடக்கிறது, காரில் போகிற தூரம்தான். பார்வையாளர்களுக்குப் பின்வரிசையில் இடம் உண்டு, வாக்கு இல்லை, பேசவும் முடியாது. உட்கார்ந்திருக்கலாம். மைக்கிலிருந்து திரும்பிப் பார்த்தால் அந்த வரிசை நன்றாகத் தெரியும். நான் போன அந்தத் தடவை, மார்கிட் பேசி முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அன்று நான் விடிவதற்கு முன்னால் கிளம்புவேன். என் காரில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.